எட்டரை மணிக்கு அளந்த மழை

12 அக்டோபர் 1970, திங்கள்

இந்த நேரத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன்? பகலில் ஒரு வரி எழுத விட்டால்தானே. பியூலாவின் இருமல் அடங்கப் பதினொன்றரை ஆகிவிட்டது. பத்தொன்பது மாதக் குழந்தைக்கு மார்பு இப்படிக் கரகரக்குமா என்று டாக்டரைக் கேட்டால், காற்றில் ஈரம் அதிகம் என்கிறார். அது எனக்குத் தெரியாதா?

வந்துவிட்டார்கள். இங்கிலாந்திலிருந்து ஆறு மாணவர்கள், ஆறு வாரத்துக்கு. பருவமழையைப் புத்தகத்தில் படிக்காமல் சேற்றில் நின்று அளந்து கற்றுக்கொள்ளப் போகிறார்களாம். ஆசிரியர் வீட்டுக்கு ஒருவராகப் பிரித்துவிட்டார்கள். எங்களுக்கு வந்தவள் ஹிலரி. இருபத்தொரு வயது, நிலை இடிக்கும் உயரம், காலில் பட்டாளத்துக்காரன் பூட்ஸ். இவர் முன்னறையை ஒழித்துக் கொடுத்துவிட்டார். தயாளன் சாருக்கு விருந்தாளி என்றால் பெண்டாட்டி பிள்ளை எங்கே படுக்கும் என்பது நினைவில் வராது.

பதிலுக்கு வருகிற ஜூனில் இங்கிருந்து மூன்று பேர் பத்து வாரம் அங்கே போக வேண்டும். இரண்டு மாணவர்கள். மூன்றாவது இடம் எனக்கு. இவருடைய துறைத் தலைவர் ஏசுதாசன் சார் ஜூலையில் இதே கூடத்தில் காபி குடித்துக்கொண்டு சொன்னார்: "மிஸஸ் தயாளன், அவங்க முக்கியமா கேக்கறது தினப்படி மழை ரெக்கார்டு. டிபார்ட்மென்ட்ல யார்கிட்ட இருக்கு? உங்ககிட்டதான் இருக்கு. நீங்கதான் போகணும்."

உண்மைதானே. பட்டணத்தில் கல்லூரியைச் சுற்றிக் கட்டடங்கள் எழும்பிவிட்டன, மழைமானிக்கு வெட்டவெளி வேண்டும் என்று 1965 ஜூலையில் அதைத் தாம்பரத்துக்கு, எங்கள் கொல்லைக்குக் கொண்டுவந்து நட்டார்கள். எனக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். அன்று முதல் தினமும் காலை எட்டரைக்கு அளந்து எழுதுவது நான். புவியியலில் முதல் வகுப்பு வாங்கியதற்கு என்னிடம் மிச்சம் இருப்பது அந்த ஐந்து நோட்டுகள்தான்.

போவேனா? குழந்தையை விட்டுவிட்டா? எட்டு மாதம் இருக்கிறது. இப்போதே ஏன் விரல்விட்டு எண்ணுகிறேன்?

15 அக்டோபர், வியாழன்

12.4 மி.மீ. ஹிலரி மீன்குழம்பைத் தொடவில்லை. முட்டை கேட்டாள். கேட்கவில்லை, "முட்டை கிடைக்குமா என்று தெரிந்துகொள்ளலாமா" என்றாள். எரிச்சலாக வருகிறது.

18 அக்டோபர், ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து பார்க்கிறேன், ஹிலரி அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு கொல்லையில் நிற்கிறாள். மழைமானிக்கும் சுவருக்கும் எத்தனை அடி, முருங்கை மரத்துக்கு எத்தனை அடி. எழுதி எழுதி வைத்துக்கொள்கிறாள். என் வீட்டில், என்னைக் கேட்காமல். போதுமான தூரம்தான் இருக்கிறது என்று கடைசியில் தீர்ப்புச் சொன்னாள். நான் அதை இவளுக்கு முன்பே, வயிற்றில் பியூலா வருவதற்கு முன்பே, அளந்தாயிற்று.

மொட்டை மாடியில் தான் கொண்டுவந்த கருவியை வைத்திருக்கிறாள். உருளையில் தாள் சுற்றி, அதன்மேல் பேனா முள் தானாகவே மழையை வரைந்துகொண்டே போகும். நல்ல கருவி. ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. என் ஐந்து நோட்டுகளையும் வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

21 அக்டோபர், புதன்

கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் முத்தாலம்மாள் கூடையை இறக்கியதும் ஆரம்பித்தாள். "இன்னாம்மா, உங்க வூட்டு வெள்ளக்காரப் பொண்ணு எங்க கரையில ரெண்டு கம்ப நட்டுகினு நாள் பூரா குனிஞ்சு குனிஞ்சு பாத்துகினு கீது. இன்னாத்துக்குன்னு கேட்டா, மணலு எவ்ளோ போச்சுன்னு அளக்குதாம். நாங்க குடிசைய ரெண்டு வாட்டி உள்ள தள்ளிப் போட்டுக்கினோம். என்னக் கேட்டா சொல்ல மாட்டேனா?"

இங்கிலீஷ் தெரியாதவளைக் கேட்டால் அறிக்கையில் எப்படி எழுதுவது என்றேன். சங்கரா மீனில் ஒன்று கூடப் போட்டுவிட்டுச் சிரித்தாள்.

27 அக்டோபர், செவ்வாய்

63.2. இரவு முழுக்க அடித்தது. பியூலா என் மேலேயே கிடந்தாள். மூச்சை எண்ணினேன், நிமிஷத்துக்கு முப்பத்தெட்டு. அதிகமா? புத்தகத்தில் தேடினேன். தேடியதில் இன்னும் பயம்.

மாணவர்கள் அனகாபுத்தூர் பாலத்துக்குப் போய் அடையாற்று வேகத்தை அளந்தார்கள். ஆரஞ்சுப் பழங்களை ஆற்றில் விட்டு, அடுத்த கம்பம் வரை எத்தனை விநாடியில் போகிறது என்று பார்ப்பது. இவரும் கூடப் போய்க் குடை பிடித்திருக்கிறார். அங்கே நெசவுக்காரர் வீடுகளில் தறிக்குழியெல்லாம் தண்ணீர். வாளியால் இறைத்துக் கொண்டிருந்தவர்கள் ஆரஞ்சு மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். இவர் இதைச் சிரிப்பாகச் சொன்னார். ஹிலரி சிரிக்கவில்லை. முழங்கால் வரை சேறோடு சமையலறை வரைக்கும் வந்தாள். துடைத்தது நான்.

2 நவம்பர், திங்கள்

நோட்டுகள் இன்னும் திரும்பி வரவில்லை. தனித்தாளில் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டால், "இன்னும் கொஞ்ச நாள்" என்கிறாள். என்ன பார்க்கிறாள் அதில்?

6 நவம்பர், வெள்ளி

இன்றே எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு நானே வேறு மாதிரி நினைக்க ஆரம்பித்துவிடுவேன்.

இன்று கல்லூரியில் கருத்தரங்கம். மின்சார ரயிலில் பியூலாவைத் தூக்கிக்கொண்டு போனேன். பின் வரிசையில் உட்கார்ந்தேன். ஹிலரி தன் உருளைத் தாளைச் சுவரில் மாட்டி, பக்கத்துக் கரும்பலகையில் என் நோட்டிலிருந்து எடுத்த எண்களைச் சாக்குக்கட்டியால் எழுதினாள். கருவி அக்டோபர் பதினான்காம் தேதி சாயங்காலம் மழை என்கிறது. நோட்டில் அது பதினைந்தாம் தேதியில் இருக்கிறது. பதினாறாம் தேதி மழை என்றால் நோட்டில் பதினேழு. ஒவ்வொரு மழையும் ஒரு நாள் தள்ளி. ஆகவே வீட்டுப் பொறுப்பாளர் அன்றன்று அளக்காமல் மறுநாள் நினைவிலிருந்து எழுதுகிறார் போலிருக்கிறது, இந்தப் பதிவை ஆய்வுக்கு எடுக்க முடியாது, வருத்தமாக இருக்கிறது என்றாள்.

வருத்தமாம்.

முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஏசுதாசன் சார் திரும்பி என்னைத் தேடினார். பாறைகளைப் பற்றிப் பாடம் எடுப்பவர், மழைமானியைத் தொட்டு இருபது வருஷமாவது ஆகியிருக்கும். அவருக்கு நினைவில்லாமல் போகலாம். இவருக்கு? வருஷா வருஷம் முதலாண்டுப் பையன்களுக்கு இதே பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவருக்கு? காலை எட்டரைக்கு அளப்பது அதற்கு முந்தின இருபத்துநாலு மணி நேரத்து மழை. அதை அளந்த நாளின் தேதியில் பதிவது நம் நாட்டு வழக்கம். பதினான்காம் தேதி சாயங்காலம் பெய்தது பதினைந்தாம் தேதியில்தான் வரும். வராவிட்டால்தான் தப்பு.

எழுந்து சொல்லியிருக்கலாம். பியூலா அந்த நேரம் பார்த்து இருமி இருமி வாந்தி எடுத்தாள். தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். ஓடியது தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். தெரியும்தானே, ஏன் வாயைத் திறக்கவில்லை?

"விருந்தாளிப் பொண்ணை நாலு பேர் முன்னாடி மட்டம் தட்டச் சொல்றியா?"

"என்னைத் தட்டினாளே, அது பரவாயில்லையா?"

"நீ நம்ம வீட்டு ஆள்" என்றார். சட்டையை மாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

9 நவம்பர், திங்கள்

ஏசுதாசன் சார் வந்தார். காபி வேண்டாம் என்றார், அப்போதே தெரிந்துகொண்டேன். வழக்கம் இன்னது என்று விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "இருக்கலாம்மா. ஆனா அவங்க யூனிவர்சிட்டிதான் செலவு பண்ணுது. அவங்களுக்கு ஒரு டவுட் வந்துட்டா நாம என்ன செய்ய முடியும்? உங்களுக்கும் கைக்குழந்தை. தயாளனே போய்ட்டு வரட்டும்" என்றார்.

இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கப்படுகிறவர் மாதிரி. எனக்கு அப்போதுகூட இவர் மேல் பரிதாபம் வந்தது, பைத்தியம் எனக்கு.

14 நவம்பர், சனி

காலை எட்டேகாலுக்கு ஹிலரியின் கதவைத் தட்டினேன். வா என்றேன். பல் தேய்க்கும் பிரஷோடு வந்தாள். தூறிக்கொண்டிருந்தது. எட்டரைக்குப் புனலைத் தூக்கி, உள்ளே இருக்கும் ஜாடித் தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றி அவள் கண்ணுக்கு நேரே பிடித்தேன். 18.6. தேதி என்ன போடுவாய் என்று கேட்டேன். பதின்மூன்று என்றாள், யோசிக்காமல். குவளைப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருக்கும் அச்சிட்ட விதியைக் காட்டினேன். படித்தாள். இரண்டாம் முறை படித்தாள். முகம் கழுத்து வரை சிவந்துவிட்டது.

அவர்கள் ஊரில் காலையில் அளந்ததை முந்தின நாளுக்குத் தள்ளி எழுதுவார்களாம். உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்திருக்கிறாள். தப்பு செய்கிறவள் ஐந்து வருஷம் ஒரு நாள் தவறாமல் ஒரே மாதிரி தப்பு செய்வாளா, அதைக்கூடவா யோசிக்கவில்லை என்று கேட்டேன். என் குரல் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, ஒரே கூரைக்குக் கீழேதானே சாப்பிடுகிறாய் என்றேன்.

கேட்டேன், என்றாள்.

யாரிடம்?

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கருத்தரங்கத்துக்கு ஒரு வாரம் முன்பு, தேதிகள் தள்ளிப்போவது ஏன் என்று உங்கள் கணவரிடம் கேட்டேன். வீட்டில் சிறு குழந்தை இருக்கிறது, அவள் அடுத்த நாள்தான் உட்கார்ந்து எழுதுகிறாளோ என்னவோ என்றார். உங்களைப் புண்படுத்தக் கூடாதென்றுதான் நேரே உங்களிடம் கேட்கவில்லை.

குவளையை நான் கீழே போடவில்லை. 18.6 என்று எழுதினேன். தேதி பதினான்கு.

15 நவம்பர், ஞாயிறு

கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்து பாடினார். நல்ல குரல் அவருக்கு. திரும்பி வரும் வழியில், ரயில்வே கேட் மூடியிருந்தபோது கேட்டேன். வாக்குவாதம் செய்யவில்லை, மறுக்கவும் இல்லை. "ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்றார். கூட்ஸ் வண்டி போய் முடிகிற வரை நின்றோம். அப்புறம் தானாகவே சொன்னார், எனக்கு இல்லை, கேட்டுக்குச் சொல்கிற மாதிரி:

"எனக்கு முப்பத்திநாலு வயசு. பெங்களூர் தாண்டினதில்ல. என் வொய்ஃப் இங்கிலாந்து போறா, நான் இங்க குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கிட்டு ஸ்டாஃப் ரூம்ல உட்காரணும். அவனவன் என்ன பேசுவான்?"

கேட் திறந்தது. நடக்க ஆரம்பித்தேன்.

"உனக்கே பயம்தானே யூனிஸ். ராத்திரி எழுந்து எழுந்து மூச்சை எண்றவ, பத்து வாரம் எப்படி இருப்பே? உன்னால சொல்ல முடியல. நான் சொல்லிட்டேன், அவ்வளவுதான்."

என் பயத்தை எடுத்து அவர் வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டார். அதுதானே நடந்தது? நான் நம்பிச் சொன்ன பயம், ராத்திரி இருட்டில் அவர் காதில் மட்டும் சொன்னது.

16 நவம்பர், திங்கள்

41.6. இன்று எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. முன்பு கேட்பாரா? இல்லை. முன்பும் கேட்டதில்லை. இப்போதுதான் கவனிக்கிறேன்.

19 நவம்பர், வியாழன்

பியூலாவுக்கு நூற்றிரண்டு டிகிரி. நெஞ்சில் உள்வாங்கி உள்வாங்கி மூச்சு. எட்டரை ஆயிற்று, அவள் என் புடவையை விடவில்லை. அளக்கப் போகவில்லை. ஒன்பது ஐந்துக்குத்தான் போக முடிந்தது. தாளில் நேரம் 9.05 என்றே எழுதினேன்.

அவர் சொன்னது சரியோ? ஜூனில் அங்கே நான் எங்கேயோ பனிமூட்டத்தில் ஆற்றங்கரையில் நின்றுகொண்டு, இங்கே இவள் இப்படிக் கிடந்தால்? போகாவிட்டால் என்ன குறைந்துவிடும்? ஒன்றும் குறையாது. அதுதான் தாங்க முடியவில்லை. நான் போகாததால் எவருக்கும் எதுவும் குறையாது.

ஆனால் போகவில்லை என்று நான் சொல்ல வேண்டும். நான். மறதிக்காரி, பொய்க்காரி, நினைவிலிருந்து எழுதுகிறவள் என்று பேர் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார மாட்டேன்.

ஹிலரி மத்தியானம் ஐஸ் வாங்கி வந்தாள், கேட்காமல். மாம்பலம் வரை ரயிலில் போய், மரத்தூளில் சுற்றி. நன்றி சொல்லிவிட்டு ஐஸை உடைக்கப் போனேன்.

23 நவம்பர், திங்கள்

காய்ச்சல் விட்டுவிட்டது. ஹிலரி போனாள். ஸ்டேஷனுக்கு நான் போகவில்லை. புறப்படுமுன் சமையலறை வாசலில் வந்து நின்றாள். கருத்தரங்கக் கட்டுரையைப் பத்தாம் தேதியே ஏர்மெயிலில் அனுப்பிவிட்டாளாம். அதை வைத்துத்தான் அவளுக்கு மதிப்பெண். தான் எழுதியது முழுக்கத் தப்பு என்று இப்போது எழுதினால் பட்டமே ஒரு வருஷம் தள்ளிப்போகலாம். யோசிக்கிறேன் என்றாள்.

யோசி என்றேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

4 டிசம்பர், வெள்ளி

அவள் போன பிறகு இன்றுதான் முன்னறைக்குள் நுழைந்தேன். பெருக்கும்போது பார்த்தால், ஐந்து நோட்டுகளும் மேஜை மேல், வருஷ வரிசையில், நூல் கட்டி. பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்திலும் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி. ஐந்து வருஷத்தில் நான் அளந்த நாட்கள், ஒன்று விடாமல். கூட்டல்களைத் திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறாள். 1967 டிசம்பரில் என் கூட்டலில் 1.2 மி.மீ. தப்பு, அடியில் மெல்லத் திருத்தியிருக்கிறாள். சரிதான், தப்புத்தான்.

1969 மார்ச்சில் மூன்று நாளுக்கு எண் இல்லாமல் கோடு இருக்கும். பியூலா பிறந்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள். மார்ச்சில் மழை ஏது. சுழி போட்டிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அளக்காததால் போடவில்லை. அந்தக் கோடுகளுக்குப் பக்கத்தில் புள்ளி இல்லை. "நேர்மை" என்று இங்கிலீஷில் ஒற்றைச் சொல், மிகச் சின்ன எழுத்தில். எப்போது எழுதினாள்? கருத்தரங்கத்துக்கு முன்னாலா, பின்னாலா?

உட்கார்ந்து அழுதேன். எதிரி என்று நினைக்கிறவள் படித்திருக்கிறாள். இவர் ஒரு அட்டையைக்கூடத் திறந்ததில்லை.

11 டிசம்பர், வெள்ளி

ஹிலரியின் பேராசிரியரிடமிருந்து இவருக்குக் கடிதம். வாழ்த்தாம். ஜூனில் வரும்போது மழை நோட்டுகளின் மூலத்தைக் கொண்டுவர வேண்டுமாம். ஒரு நாள் பிழையைத் திருத்தி ஏதாவது செய்ய முடிகிறதா என்று பார்ப்பார்களாம். ஆக அவள் எழுதவில்லை. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

இவர் வாசலில் நின்றபடியே, நோட்டுகளை ஒரு பையில் போட்டு வை என்றார். மாட்டேன் என்றேன்.

"மழைமானி காலேஜோடது, யூனிஸ்."

"பேர்த்து எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க. நோட்டு என்னோடது."

"கோவத்துல ஒரு சான்ஸைக் கெடுக்காதே."

"யார் சான்ஸை?"

ராத்திரி சாப்பாட்டைத் தானே போட்டுக்கொண்டார். பீரோச் சாவி என் தாலிச் சங்கிலியில் கிடக்கிறது. சாவியைக் கேட்கத் துணிவில்லை அவருக்கு. எனக்கும் அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. ஒரே அறையில் மூன்று பேர் மூச்சு விடுகிறோம், ஒரு மூச்சை மட்டும் நான் எண்ணுகிறேன்.

18 டிசம்பர், வெள்ளி

காலையில் அளந்துவிட்டு, பியூலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தபால் ஆபீஸுக்குப் போய், நானே ஒட்டி, நானே பெட்டியில் போட்டேன். இங்கிலீஷில் போன கடிதம். எனக்காக இங்கே தமிழில் எழுதி வைக்கிறேன்.

ஹிலரி,

நலம் விசாரிக்கவில்லை. நீ செய்ததை நான் மன்னிக்கவில்லை என்பதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு குழப்பம் வேண்டாம். உனக்கு இந்த ஊர் வழக்கம் தெரியாதது குற்றமில்லை. தெரிந்த பிறகு ஐந்து வாரமாகச் சும்மா இருப்பது குற்றம்.

உன் பேராசிரியர் என் கணவருக்கு எழுதியிருக்கிறார். பிழையைத் திருத்தப் போகிறாராம். திருத்தினால்தான் பிழையாகும். அதை நான் எழுதினால் தன் நோட்டுக்காகச் சண்டை போடுகிற ஒரு வீட்டுக்காரி எழுதியதாக இருக்கும். என் கணவர் எழுத மாட்டார், ஏன் என்று உனக்குத் தெரியும். ஐந்து நோட்டையும் ஒரு நாள் விடாமல் படித்தவள் உலகத்தில் நீ ஒருத்திதான். ஆகவே நீதான் எழுத வேண்டும், உன் பெயரில், உன் மதிப்பெண் போனாலும்.

நோட்டுகள் பீரோவில் இருக்கின்றன. அவை இங்கிலாந்துக்கு வந்தால் என் கையில்தான் வரும். ஜூனில் என் மகளுக்கு இரண்டே கால் வயது. அவளை அழைத்துவருவேனா, விட்டுவருவேனா, வரவே மாட்டேனா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரியாதது என்னுடைய விஷயம். யாராவது எனக்காகப் பதில் சொன்னால் நம்ப வேண்டாம் என்று உன் பேராசிரியரிடம் சொல்.

மேலுறையில் என் பெயரை மட்டும் எழுது, கணவர் பெயர் வேண்டாம். தபால்காரர் துரையிடம் சொல்லி வைத்திருக்கிறேன், என் கையில்தான் கொடுப்பார்.

எழுதுவதாக இருந்தாலும், எழுத முடியாது என்று இருந்தாலும், அதைத் தெரிவித்து எனக்குச் சீக்கிரம் பதில் போடு.

யூனிஸ்